பானெட்டுக்கு ஒரு நியாயம், கூண்டுக்கு ஒரு நியாயம்

களியக்காவிளையைத் தாண்டினால் தமிழ்நாடு முடிந்து இஞ்சிவிளை வந்துவிடும். அங்கிருந்து பாறசாலை, அமரவிளை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் என்று திருவனந்தபுரம் நோக்கிப் போகும் நெடுஞ்சாலையின் இருபுறமும் வண்டிப் பட்டறைகள். 1956இல் மாநில எல்லைகளைத் திருத்தியபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பட்டறைத் தொழில் ஒன்றுதான். நசுங்கிய கதவின் உள்பக்கம் இரும்புக் கட்டையை முட்டுக் கொடுத்து, வெளிப்பக்கம் சுத்தியலால் தட்டித் தட்டி, பட்டி தடவி, உப்புத்தாள் தேய்த்து, பெயின்ட் அடித்துப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவருகிறார்கள்.

தென்மேற்கே கடற்கரைக்கு இறங்கினால் பொழியூர். அங்கே வேறொரு கைத்தொழில். வள்ளத்தின் அடியில் விரிசல் கண்டால் அந்த இடத்தைத் தேய்த்துச் சரிவாக்கி, கண்ணாடி இழை மேட்டை வெட்டி வைத்து, ஹார்ட்னர் கலந்த ரெசினைப் பிரஷால் ஊற வைத்து, உருளையால் காற்றுக் குமிழைத் துரத்துகிறார்கள். திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு 1980களில் ஒட்டுப்பலகையில் செய்து ஃபைபர் போர்த்திய வள்ளங்களை இந்தக் கடற்கரையில் பரப்பியது. கட்டுமரத்துக்கும் தோண்டுவள்ளத்துக்கும் ஏற்ற பெருமரம் அரிதாகிவந்த காலம் அது. இன்று ஃபைபர் என்பது கடற்கரையில் எல்லோர் வாயிலும் புழங்கும் சொல்.

தகரம் தெரிந்த கையும் ஃபைபர் தெரிந்த கையும் இவ்வளவு அருகருகே இருக்கிற ஊர்களில் ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம். பந்தயக் காரின் பானெட், கதவு, கூரை, மட்கார்டு இவற்றையெல்லாம் எதில் செய்வது? பொறியியல் கல்லூரி மாணவர்கள் சொந்தமாகப் பந்தயக் கார் கட்டத் தொடங்கும்போது முதலில் சண்டை வருவது இதில்தான். ஃபைபர் லேசு என்று ஒரு கட்சி. இரும்பு உறுதி என்று இன்னொரு கட்சி. இரண்டும் உண்மை, ஆனாலும் இரண்டும் கேள்விக்கு விடையாகவில்லை. காரின் எந்த இடத்துக்கு என்று கேட்காதவரை விடை கிடைக்காது.

இடம் பார்த்துப் பொருள் தேர்வதை இந்த வட்டாரத்திலேயே மிகத் துல்லியமாகச் செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். நெய்யாற்றின்கரையிலிருந்து 20 கி.மீ. சுற்றளவில் வட்டியூர்க்காவு. இழையும் ரெசினும் சேர்ந்த கலப்புப்பொருளுக்கென விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தின் பிரிவு அங்கே இயங்குகிறது. அப்துல் கலாம் தலைமையில் உருவாகி 1980 ஜூலை 18 அன்று ரோகிணி செயற்கைக்கோளைச் சுமந்து சென்ற எஸ்.எல்.வி.-3 ராக்கெட்டுக்கு நான்கு கட்டங்கள். கீழ் இரண்டின் உறை எஃகு. மேல் இரண்டின் உறை இழை வலுவூட்டிய பிளாஸ்டிக். பின்னால் வந்த பி.எஸ்.எல்.வி.யிலும் இதே முறைதான்: 2.8 மீட்டர் விட்டமுள்ள முதல் கட்டத்துக்கு மாரேஜிங் எஃகு, மூன்றாம் கட்டத்துக்கு கெவ்லார் போன்ற அராமிட் இழை.

காரணம் எளிது. மேல் கட்டங்கள் செயற்கைக்கோளோடு வெகுதூரம் போகின்றன. கடைசிக் கட்டத்தில் ஒரு கிலோ குறைத்தால் ஏறக்குறைய ஒரு கிலோ கூடுதலாகச் செயற்கைக்கோளில் ஏற்றலாம். முதல் கட்டமோ பாதி வழியில் கழன்று கடலில் விழுவது. அங்கே பல கிலோ குறைத்தால்தான் மேலே ஒரு கிலோ கிடைக்கும். அதனால் விலையும் உழைப்பும் அதிகமான பொருளை எங்கே பலன் அதிகமோ அங்கே வைத்தார்கள். ஒரே ராக்கெட், இரண்டு பொருள்.

காருக்கு வருவோம். வளைவில் திரும்பும்போது எடை உள்பக்க டயரிலிருந்து வெளிப்பக்க டயருக்குச் சாய்கிறது. எவ்வளவு சாயும் என்பது அந்த எடை தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. இரு சக்கரங்களுக்கு நடுவே 1.5 மீட்டர் அகலமுள்ள ஒரு காரை எடுத்துக்கொள்வோம். புவியீர்ப்புக்குச் சமமான பக்க விசையோடு அது திரும்பினால், 1.3 மீட்டர் உயரத்திலுள்ள கூரையின் ஒவ்வொரு கிலோவும் ஏறத்தாழ 870 கிராம் சுமையை வெளி டயருக்குத் தள்ளும். தரையருகே 20 செ.மீ. உயரத்தில் அதே ஒரு கிலோ இருந்தால் 130 கிராம்தான் தள்ளும். இந்த ஒரு கணக்கில் கூரைக் கிலோ தரைக் கிலோவைவிட ஆறு மடங்குக்கு மேல் கனமானது. 2003இல் பி.எம்.டபிள்யூ. தன் எம்3 சி.எஸ்.எல். காருக்குக் கார்பன் இழைக் கூரை போட்டது. மிச்சமானது சுமார் 6 கிலோ. ஒன்றரை டன்னை நெருங்கும் காரில் 6 கிலோ எம்மாத்திரம் என்று தோன்றும். காரின் உச்சியிலிருந்து போன 6 கிலோ என்பதில்தான் அதன் மதிப்பு.

இனி தகட்டுக்குள் நடப்பதைப் பார்க்க வேண்டும். இந்த அத்தியாயத்தின் உயிர்நாடி இங்கேதான்.

பானெட் ஒரு தூணைப் போலப் பாரம் தாங்குவதில்லை. அதன் வேலை காற்றுக்கு வளையாமல், அதிராமல் நிற்பது. அந்தக் காற்றும் சாதாரணமல்ல. 200 கி.மீ. வேகத்தில் எதிர்க்காற்றின் இயக்க அழுத்தம் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 180 கிலோ எடைக்குச் சமம். வேகம் இரட்டித்தால் இது நான்கு மடங்காகும். பந்தயக் காரின் பானெட்டைக் கூடுதல் ஊசிப் பூட்டுகள் போட்டு இறுக்குவது இதற்காகத்தான். ஆக, பேனலுக்கு வேண்டியது வளைவுக்கு எதிரான விறைப்பு.

பொருளின் சொந்த விறைப்பைப் பார்த்தால் எஃகுக்கு முன் கண்ணாடி மேட் நிற்கவே முடியாது. எஃகின் மீட்சிக் குணகம் 210 ஜிகாபாஸ்கல். வள்ளக்காரர்கள் பயன்படுத்தும் துண்டு இழை மேட்டும் பாலியஸ்டர் ரெசினும் சேர்ந்தால் 7 அல்லது 8 தேறும். எஃகு 28 மடங்கு விறைப்பு. எடையில் மட்டும் ஃபைபருக்குச் சாதகம்: எஃகின் ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவான அடர்த்தி. 28க்கு 5. இந்த இடத்தில் கணக்கை நிறுத்துகிறவர்கள் இரும்புக் கட்சியில் சேர்ந்துவிடுவார்கள்.

ஆனால் தகட்டை வளைக்கும்போது அதன் விறைப்பு தடிமனின் மும்மடிக்கு ஏற்ப ஏறும். தடிமனை இரட்டித்தால் விறைப்பு எட்டு மடங்கு, மும்மடங்காக்கினால் 27 மடங்கு. கார்த் தகரத்தின் தடிமன் பொதுவாக 0.7 மி.மீ. அதே வளைவு விறைப்பை எட்ட ஃபைபர் மேட்டில் 2.1 மி.மீ. தடிமன் போதும். 28 மடங்கு வித்தியாசத்தை மூன்று மடங்குத் தடிமன் ஈடுகட்டிவிடுகிறது. இப்போது எடை போட்டுப் பார்த்தால், தகரம் சதுர மீட்டருக்கு 5.5 கிலோ, ஃபைபர் 3.2 கிலோ. எந்த ஆலையும் எந்த உலையும் இல்லாமல், பிரஷும் உருளையும் கொண்டு கையால் செய்த பேனல், ஆலையில் அழுத்திய எஃகைவிட 40 சதவீதம் லேசாக வந்துவிட்டது. அலுமினியத்தில் செய்தால் 2.7 கிலோ. நெய்த கார்பன் துணியை எபாக்ஸியில் ஊற வைத்துச் செய்தால் 1.75 கிலோ அளவில் நிற்கும்.

இதே மேட்டைப் பேனலாக இல்லாமல் இழுவிசையும் அழுத்தமும் தாங்கும் சட்டமாகப் போட்டால் கதை தலைகீழ். நீளவாக்கில் இழுக்கும்போது மும்மடி விதியின் உதவி கிடையாது. அங்கே எடைக்கு எவ்வளவு விறைப்பு என்பது மட்டுமே கணக்கு. அதில் எஃகு கண்ணாடி மேட்டைவிட ஐந்து மடங்கு மேல். அதே பொருள் பானெட்டில் வெற்றி, சட்டத்தில் படுதோல்வி. உலகெங்கும் எளிய பந்தயக் கார்கள் எஃகுக் குழாய்ச் சட்டமும் அதன்மேல் ஃபைபர் தோலுமாக இருப்பதற்கு இந்தக் கணக்கே அடிப்படை.

தமிழ்நாட்டின் பந்தய வரலாற்றிலும் இந்தச் சேர்க்கைதான் நிலைத்தது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளம் பந்தயத் தடமாயிற்று. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே நடத்திய பந்தயங்களில் ஃபியட்டும் அம்பாசடரும் ஓடின. முழுக்கத் தகர உடம்பு. 1980களின் தொடக்கத்தில் பெங்களூரின் சிபானி நிறுவனம், பிரிட்டனின் ரிலையன்ட் கிட்டன் காரை உரிமம் பெற்று டால்பின் என்ற பெயரில் தயாரித்தது. 848 சி.சி. எஞ்சின், கண்ணாடி இழை உடம்பு. குடும்பக் காராக அது பெரிதாக எடுபடவில்லை. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்ததும் அதற்கு வழியடைந்தது. ஆனால் எடை குறைவென்பதால் பந்தயக்காரர்களுக்கு அதன்மேல் தனிப் பிரியம் இருந்தது. சந்தை ஒதுக்கிய காரணமும் பந்தயம் விரும்பிய காரணமும் ஒரே பொருளிலிருந்து வந்தவை: தட்டினால் தகரச் சத்தம் வராத கதவை வாங்குகிறவர் நம்பவில்லை, ஓட்டப்போகிறவர் நம்பினார்.

அடுத்து கோயம்புத்தூர். லட்சுமி மில்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த எஸ். கரிவரதன் 1980களின் இறுதியில் மாருதி எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கினார். பார்முலா மாருதி என்று அது பெயர் பெற்றது. இறக்குமதிக் கார் வாங்க வசதியில்லாத இளைஞர்களும் பந்தயத்துக்கு வர முடிந்தது இதற்குப் பிறகுதான். பின்னாளில் 2005இல் ஜோர்டன் அணிக்காக ஓட்டி, பார்முலா ஒன் களத்தில் இறங்கிய முதல் இந்தியரான நாராயண் கார்த்திகேயன் தொடங்கியதும் பார்முலா மாருதியில்தான். உள்ளூர்ப் பட்டறையில் வளைத்துப் பற்றவைக்கக்கூடிய எஃகுக் குழாய், உள்ளூரில் அச்செடுத்து வார்க்கக்கூடிய ஃபைபர் உடம்பு. இந்தச் சேர்க்கையின் பெருமை அதன் எடையில் மட்டும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மோதி உடைந்த மூக்கை அதே அச்சில் மறுபடி வார்த்து அடுத்த பந்தயத்துக்குள் மாட்டிவிடலாம். கரிவரதன் 1995இல் விமான விபத்தில் இறந்தார். அவர் நினைவாகப் பெயரிடப்பட்ட கரி மோட்டார் ஸ்பீட்வே கோவைக்கு அருகே செட்டிபாளையத்தில் 2003 முதல் இயங்குகிறது.

கார்பன் இழை பந்தயத்துக்குள் நுழைந்த வழி ராக்கெட் வழி என்பது வட்டியூர்க்காவுக்கு அருகே வசிப்பவர்களுக்கு வியப்பாக இராது. 1981இல் மெக்லாரன் பார்முலா ஒன் அணியின் வடிவமைப்பாளர் ஜான் பர்னார்ட் எம்.பி.4/1 காரின் நடுவுடலைக் கார்பனில் செய்ய முடிவெடுத்தார். பிரிட்டனில் அதை வார்த்துத் தர ஆள் கிடைக்கவில்லை. அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் ராக்கெட் மோட்டார் செய்துவந்த ஹெர்குலிஸ் நிறுவனம் முன்வந்தது. கார்பன் நொறுங்கித் தூளாகிவிடும், ஓட்டுநர் பிழைக்க மாட்டார் என்று மற்ற அணிகளில் பலர் அஞ்சினார்கள். அதே ஆண்டு இத்தாலியின் மோன்ஸாவில் மெக்லாரன் ஓட்டுநர் ஜான் வாட்சனின் கார் தடுப்பில் மோதி எஞ்சின் பகுதி தனியே பிய்ந்து போனது. வாட்சன் இறங்கி நடந்தார். அச்சம் அன்றோடு விலகியது.

மோதலின்போது இந்த இரண்டு பொருள்களும் வேறு வேறு விதமாகச் சாகின்றன. எஃகு மடிகிறது. மடிப்புக்கு மேல் மடிப்பாகச் சுருங்கி, மோதலின் ஆற்றலை அந்த மடிப்புகளில் வாங்கிக்கொள்கிறது. மடிந்த பிறகும் ஒரே துண்டாகத் தொங்கிக்கொண்டிருக்கும். கார்பன் குழாயோ முனையிலிருந்து நுணுங்கிக்கொண்டே வரும். லட்சக்கணக்கான நுண் முறிவுகளில் ஆற்றல் செலவாகிறது. சரியாக வடிவமைத்தால் எடைக்கு எடை எஃகைவிடச் சில மடங்கு ஆற்றலை வாங்கும். சரியாக வடிவமைத்தால் என்ற சொற்களை அடிக்கோடிட வேண்டும். மெல்லிய கார்பன் பேனல் ஒன்று குறுக்கே அடி வாங்கினால் நுணுங்காது, கூரான சில்லாகத் தெறிக்கும். தடத்தில் கிடக்கும் அந்தச் சில் அடுத்து வரும் காரின் டயரைக் கிழிக்கும். கார்பனுக்கு நடுவே ஒரு அடுக்கு அராமிட் இழை வைப்பது இதற்குத்தான். கார்பன் உடைந்தாலும் அராமிட் துணி துண்டுகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

தீ இன்னும் கொடியது. 1986 மே 2 அன்று கார்சிகா ராலியில் ஹென்ரி டோய்வோனனும் துணை ஓட்டுநர் செர்ஜியோ கிரெஸ்டோவும் சென்ற லான்சியா டெல்டா எஸ்4 மலைப்பாதையிலிருந்து கவிழ்ந்து எரிந்தது. இருவரும் மாண்டனர். கலப்புப்பொருள் உடம்பு முழுதும் எரிந்துபோய்க் கருகிய குழாய்ச் சட்டம் மட்டும் மிஞ்சியது. அந்தத் தலைமுறை ராலிக் கார்களுக்கு அந்த ஆண்டோடு தடை வந்தது. உலோகம் என்றாலே தீக்குப் பயமில்லை என்றும் சொல்ல முடியாது. 1955 லெ மான்ஸில் கூட்டத்துக்குள் பாய்ந்த மெர்சிடிஸ் 300 எஸ்.எல்.ஆர். காரின் உடம்பு மக்னீசியக் கலவை. அது பற்றி எரிந்தது. அந்த விபத்தில் 80 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். மிக லேசான பொருளைத் தேடிப்போன இரண்டு அணிகள், இரண்டு தீ.

ஆகவேதான் ஓட்டுநரைச் சுற்றியுள்ள பாதுகாப்புக் கூண்டில் விதிநூல் இறங்கி வருவதில்லை. சாலைக் காரைப் பந்தயத்துக்கு மாற்றும்போது, சர்வதேச மோட்டார் கூட்டமைப்பின் விதிப்படி கூண்டின் முதன்மை வளையம் இணைப்பில்லாமல் குளிரில் இழுத்த கார்பன் எஃகுக் குழாயாக இருக்க வேண்டும். 45 மி.மீ. விட்டத்துக்கு 2.5 மி.மீ. சுவர் அல்லது 50 மி.மீ. விட்டத்துக்கு 2 மி.மீ. சுவர், குறைந்தது 350 மெகாபாஸ்கல் இழுவலிமை. கார் உருண்டால் குழாய் வளையலாம், உடையக் கூடாது. உடைவதற்கு முன் நீண்டு வளைந்து கொடுக்கும் எஃகின் குணம் இங்கே ஒரு உயிர். கிலோக் கணக்கு பார்க்கிற இடமில்லை இது.

கரி ஸ்பீட்வேயில் மாணவர்களுக்காக நடக்கும் பார்முலா பாரத் போட்டியின் வழிமுறையும் இந்தத் தர்க்கத்தையே பின்பற்றுகிறது. மாணவர் பந்தய விதிகளில் ஓட்டுநரின் தலைக்குப் பின்னால் எழும் முதன்மை வளையம் எஃகாகவே இருக்க வேண்டும். மற்ற பகுதிகளைக் கலப்புப்பொருளில் செய்ய விரும்பினால், மாதிரிப் பலகை ஒன்றை அதே முறையில் செய்து, வளைத்து உடைத்து, எஃகுக் குழாய்க்கு இது ஈடு என்று எண்ணால் நிரூபிக்க வேண்டும். 300 கிலோ கார் நொடிக்கு 7 மீட்டர் வேகத்தில் சுவரில் மோதுவதாகக் கொண்டு, மூக்கிலுள்ள தாங்கி 7,350 ஜூல் ஆற்றலை விழுங்க வேண்டும். ஓட்டுநருக்கு ஏற்படும் வேகக்குறைவு சராசரியாகப் புவியீர்ப்பின் 20 மடங்கைத் தாண்டக் கூடாது. பந்தயத் தடமே இல்லாத பாறசாலை வட்டாரத்திலிருந்து செட்டிபாளையம் 400 கி.மீ.க்கு மேல். அந்தத் தூரம் போகுமுன்னே, எந்தப் பொருளை எங்கே வைத்தோம் என்பதற்கான காரணத்தை மாணவர்கள் காகிதத்தில் எழுதித் தர வேண்டியிருக்கிறது. பொறியியல் கல்வியில் இதைவிடப் பயனுள்ள தேர்வு அரிது.

அமெரிக்காவின் நாஸ்கார் பந்தயம் இந்தத் தேர்வை எல்லோர் கண்முன்னும் நடத்திக் காட்டியது. பல்லாண்டுகளாக அந்தக் கார்களின் உடம்பு பெரும்பகுதியும் கையால் தட்டி வளைத்த எஃகுத் தகடு. ஒவ்வொரு அணியிலும் தகடு வேலைக்கென்றே கைதேர்ந்த ஆட்கள். அவர்களின் திறமையே அமைப்பாளர்களுக்குத் தலைவலியாயிற்று. அளவுத் தகட்டைத் தாண்டாத மிகச் சிறு வளைவுகளால் காற்றோட்டத்தில் லாபம் எடுத்தார்கள். பந்தயத்தின் நடுவே டயர் மாற்றும் நொடிகளில் மட்கார்டைக் கையால் வெளியே இழுத்துவிட்டு வேகம் தேடினார்கள். எஃகு இழுத்த இடத்திலேயே நிற்குமல்லவா? 2017இல் இரண்டாம் நிலைப் போட்டியில் கலப்புப்பொருள் பேனல்கள் வந்தன. 2022இல் முதல் நிலைக் கோப்பைப் போட்டிக்கும் அவையே விதியாயின. ஒரே இடத்தில் வார்த்து எல்லா அணிக்கும் வழங்கும் பேனல். கையால் இழுத்தால் திரும்பப் பழைய இடத்துக்கே வந்துவிடும். பக்கவாட்டில் உரசினால் டயரில் மடிந்து குத்தாமல் துள்ளித் திரும்பும். எடை குறைந்ததைவிட இதுவே அந்த மாற்றத்தின் பெரிய லாபம்.

அதே 2022இல் வேறொரு பாடமும் வந்தது. புதிய காரின் பின்பக்கச் சட்டம் அளவுக்கு மீறி விறைப்பாக இருந்ததால், பின்புறம் மோதும்போது அதிர்ச்சி நேராக ஓட்டுநரின் தலைக்குப் போனது. கர்ட் புஷ், அலெக்ஸ் போமன் ஆகிய ஓட்டுநர்கள் இருவருக்கும் மூளை அதிர்ச்சி ஏற்பட்டது. 2023க்கு அந்தச் சட்டத்தை நசுங்கிக் கொடுக்கும்படி திருத்தினார்கள். பேனல் துள்ள வேண்டும், அதற்குப் பின்னாலுள்ள சட்டம் நசுங்க வேண்டும், கூண்டு நிற்க வேண்டும். மூன்று வேலையையும் ஒரே பொருளிடம் கேட்க முடியாது.

பழுதுபார்ப்பில் தகரத்துக்கு இன்றும் ஒரு நேர்மை உண்டு. அடி பட்ட இடம் கண்ணுக்குத் தெரியும். கலப்புப்பொருளில் மேற்பரப்பு பளபளவென்று இருக்க, உள்ளே அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்திருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க விமானப் பட்டறைகளிலும் கூடத் தட்டிப் பார்க்கும் முறை உண்டு. மண்குடம் வாங்குகிறவர் விரலால் சுண்டிப் பார்ப்பதுபோல, நாணயத்தாலோ சிறு சுத்தியலாலோ வரிசையாகத் தட்டிக்கொண்டே போனால், பிரிந்த இடத்தில் ஓசை மங்கும். மூக்கு, மட்கார்டு என்றால் அந்த இடத்தைத் தேய்த்துச் சரிவாக்கி மேட் ஒட்டிவிடலாம். பொழியூர்க் கைகளுக்கு அது பழகிய வேலை. ஒட்டுப்போடும் ஒவ்வொரு முறையும் எடை ஏறும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. ரெசினைத் தாராளமாக ஊற்றியவுடன் தகரத்தைவிடக் கனத்துவிட்ட ஃபைபர் பேனல்கள் உண்டு. நல்ல கைவேலையில் மேட்டின் பங்கு எடையில் சுமார் 30 சதவீதமாவது இருக்க வேண்டும்.

தென்மேற்குப் பருவக்காற்றும் இதில் ஒரு பங்காளி. ஈரம் ஏறிய மேட் ரெசினைச் சரியாகக் குடிக்காது. வெயில் நாளில் ஹார்ட்னர் சற்றுக் கூடினால் டப்பாவிலேயே ரெசின் கெட்டியாகிவிடும். உப்புக் காற்றில் தகரம் துருப்பிடிக்கும் என்பதும் உண்மை. கார்பனுக்கு இன்னொரு சிக்கல்: அது மின்சாரம் கடத்தும், ஆகையால் அலுமினிய ஆணியோடு நேரே தொட்டால் ஈரத்தில் ஆணி அரிக்கும். நடுவே ஒரு கண்ணாடித் துணி அடுக்கு வைத்துப் பிரிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஃபைபர் தேய்க்கும்போது பறக்கும் கண்ணாடித் தூளும் ரெசினிலிருந்து வரும் ஸ்டைரீன் ஆவியும் நுரையீரலுக்குப் பகை. முகமூடியும் காற்றோட்டமும் இல்லாமல் எந்தப் பேனலும் லாபமில்லை. இந்தச் செலவு எந்த விலைப்பட்டியலிலும் வராததால்தான் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கார்பன் துணி என்பது நிஜமாகவே துணி. தறியில் பாவும் ஊடையுமாக நெய்ததுதான். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருவிதாங்கூர் அரசு தமிழ்ப் பகுதியிலிருந்து சாலியர்களைக் கொண்டுவந்து பாலராமபுரத்தில் குடியமர்த்தியது. குழித்தறியில் அவர்கள் வளர்த்த நெசவு இன்றும் அந்த ஊருக்குப் பெயர் தருகிறது. பாவு இழையின் இழுவிசையை விடாமல் காப்பதில் நெசவாளி காட்டும் கவனத்துக்குக் கலப்புப்பொருள் அறிவியலில் நேரடிப் பொருள் உண்டு. இழை நேராக இருக்கும் வரைதான் அதன் முழு விறைப்பு கிடைக்கும். ஒன்றுவிட்டு ஒன்று மேலும் கீழும் போகும் சாதா நெசவில் இழை ஒவ்வொரு தாண்டலிலும் வளைகிறது, விறைப்பில் கொஞ்சம் இழப்பு. இரண்டைத் தாண்டி இரண்டில் மூழ்கும் சாய்வரி நெசவில் வளைவு குறைவு. பானெட்டின் வளைந்த முனைகளில் சுருக்கம் விழாமல் படிந்தும் கொடுக்கும். பந்தயக் கார்களில் கண்ணில் படும் அந்தச் சாய்கோட்டுக் கார்பன் கோலத்துக்கு அழகு மட்டும் காரணமில்லை.

இழை என்றால் கண்ணாடியும் கார்பனும்தானா? 2019இல் போர்ஷே தன் 718 கேமன் ஜி.டி.4 கிளப்ஸ்போர்ட் பந்தயக் காரின் கதவுகளையும் பின்சிறகையும் ஆளி போன்ற செடி இழைகளைக் கொண்ட கலப்புப்பொருளில் செய்து விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2020இல் மெக்லாரன் பார்முலா ஒன் அணி ஆளி இழை இருக்கையைச் சோதித்தது. நெய்த ஆளித் துணியின் பேனல் மேலே போட்ட மும்மடிக் கணக்கில் கண்ணாடி மேட்டை முந்திவிடுகிறது. உடைந்தால் கூரான சில் தெறிப்பதும் குறைவு.

பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் தோட்டந்தோறும் தென்னையும் வாழையும் நிற்பதால் அடுத்த கேள்வி தானே எழும். நெய்யாற்றின்கரைக்கும் திருவனந்தபுரத்துக்கும் நடுவே பாப்பனங்கோட்டில் இருக்கும் மத்திய அரசின் பல்துறை அறிவியல் தொழில்நுட்ப ஆய்வுக்கூடம், வட்டார ஆய்வுக்கூடமாக இருந்த 1980களிலேயே தேங்காய் நாரையும் வாழை நாரையும் பாலியஸ்டரில் கோத்துச் சோதித்தது. தேங்காய் நாரின் விறைப்பு 4 முதல் 6 ஜிகாபாஸ்கல். ஆளி இழை அதைப்போல் பத்து மடங்கு. நாரின் செல்லுக்குள் செல்லுலோஸ் நூல்கள் அச்சுக்கு மிகவும் சாய்வாகச் சுருள் சுற்றியிருப்பதே காரணம். இழுத்தால் சுருள் முதலில் விரிந்து கொடுக்கிறது. அதனால் தேங்காய் நார் அறுமுன் தன் நீளத்தில் 15 முதல் 40 சதவீதம்வரை நீளும். கயிற்றுக்கும் மிதியடிக்கும் அருமையான குணம், பானெட்டுக்கு ஆகாத குணம். வாழை நாரில் சாய்வு குறைவு, விறைப்பு அதிகம். அன்னாசி இலை நாரில் இன்னும் அதிகம். கேரளத்தில் அன்னாசித் தோட்டங்களில் அறுவடைக்குப்பின் இலை பெரும்பாலும் வீணாகிறது.

செடி இழைகள் எல்லாவற்றுக்கும் ஈரம்தான் எதிரி. ரெசின் முழுதாக மூடாத ஓரங்களில் நீர் ஏறி இழை ஊதும், ஒட்டு விடும். காரத்தில் ஊற வைத்துக் கழுவினால் இழையும் ரெசினும் நன்றாகப் பிடிக்கும். வெட்டிய ஓரங்களை மறுபடி ரெசினால் மூட வேண்டும். இப்படிச் செய்த பேனலைப் பந்தயக் காரில் கதவின் உள்தோலுக்கும், இருக்கைக்குப் பின்னாலுள்ள மறைப்புக்கும், பாரம் தாங்காத பின்மூடிக்கும் தாராளமாகப் போடலாம். மூக்கிலுள்ள மோதல் தாங்கிக்குச் சோதித்துப் பார்த்தபின். முதன்மை வளையத்துக்கு, எத்தனை நல்ல இழை வந்தாலும், எஃகுக் குழாய்.